மூச்சைக் கற்பித்தோர்

என் பெருமதிப்பிற்குரிய ஆசிரியை ஒருவர், தோட்டப்புறப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். வெண்பா ஒன்றை எடுத்தால் நான்கடியையும் தளை சிதையாமல் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது அவர் வழக்கம். ஈற்றடிக்கு மூச்சை மிச்சம் வைக்கத் தெரியாதவனுக்கு வெண்பா வாராது என்று எங்களிடம் அடிக்கடி கூறுவார். அவருக்கு மார்பகத்தில் புற்றுநோய் கண்டது. அறுவை மருத்துவமும், அதன்பின் ஐந்து வாரக் கதிர்வீச்சு மருத்துவமும் பெற்றார். நோய் தணிந்தது. ஆனால், மருத்துவம் முடிந்த மூன்றாம் மாதத்தில் வறட்டிருமல் தொடங்கிற்று. படியேறினால் மூச்சு வாங்கிற்று. கதிர் பட்ட நுரையீரற் பகுதி அழன்று, மருந்தால் அடங்கி, வடுவாக நின்றுவிட்டது என மருத்துவர் விளக்கினர்.

வீட்டார் அன்பின் மிகுதியால் அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. தண்ணீர்க் குவளையும் கைக்கு வந்தது. ஓராண்டு கழித்து நான் காணச் சென்றபோது, "இப்பல்லாம் ரெண்டு அடிக்கு மேல வரமாட்டேங்குதுப்பா" என்றார். நடையைச் சொல்கிறார் என்று நான் எண்ணினேன். அவர் வெண்பாவைச் சொன்னார்.

அதன் பின்னரே மருத்துவமனை அவரை இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு அனுப்பிற்று. ஆங்கு இளம்பெண் ஒருத்தி அவருக்கு மூச்சுவிடக் கற்பிக்கிறாள் என்று கேட்டு வீட்டார் நகைத்தனர். பிறந்த குழந்தை தானே அறிந்துகொள்வதை எழுபது வயதில் ஒருவர் படித்தறிய வேண்டுமா என்பது அவர்தம் வினா. நகைப்பிற்குரிய வினா அன்று அது. மேலைநாட்டு மருத்துவ உலகமே அவ்வினாவிற்கு விடை காண நூறாண்டுக்கு மேல் தடுமாறியுள்ளது. அத்தடுமாற்றத்தின் வரலாற்றை அறிந்தால், கட்டிலில் கிடத்துவதும் எழுப்பி நடத்துவதும் ஆகிய இரண்டில் எது அன்பு என்பது ஒருவாறு விளங்கும்.

மூச்சைப் பற்றிய ஆராய்ச்சி அளவையில் தொடங்கிற்று. இலண்டன் மாநகரில் வாழ்ந்த ஜான் ஹட்சின்சன் என்னும் அறுவை மருத்துவர், நீரில் கவிழ்த்த மணி போன்ற கருவி ஒன்றை அமைத்து, ஒருவர் மூச்சை முற்றும் உள்ளிழுத்துப் பின் முற்றும் வெளிவிட்டால் எவ்வளவு காற்று வருகிறது என அளந்தார். காவலர், படைவீரர், மல்லர், ஏழை எளியோர் என இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அளந்து 1846-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஸ்பைரோமீட்டர் என்னும் அக்கருவியின் வழித்தோன்றல்களே இன்றும் மருத்துவமனைகளில் உள்ளன. ஒருவர் வெளிவிடும் காற்றளவு அவர் உயரத்தோடு தொடர்புடையது என்று அவர் கண்டார். காசநோயாளியின் அளவு, நோய் வெளிப்படத் தெரியுமுன்னரே குறையும் என்றும் காட்டினார். நுரையீரல் எவ்வளவு கெட்டது என்று இனிச் சொல்லலாம். கெட்ட நுரையீரலை வைத்துக்கொண்டு எவ்வாறு வாழ்வது என்பதற்கு அந்த மணி விடை தரவில்லை.

அவ்விடையை முதலில் தேடியோர் காசநோய் மருத்துவர்களே. ஈண்டு ஓர் ஆசிரியரும் மாணவரும் மாறுபட்ட கதை வருகிறது. செருமானிய மருத்துவர் எர்மான் பிரேமர், 1850-களில் கோர்பர்ஸ்டோர்ப் என்னும் மலையூரில் காசநோயாளர்க்கென ஓர் இல்லம் கண்டார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. காசநோயாளியின் இதயம் சிறியது, அதனை வலுப்படுத்தினால் நோய் தீரும் என்பது அவர் கொள்கை. ஆகவே, நோயாளிகளைச் சிறிது சிறிதாக மலைச்சரிவில் ஏறி நடக்கச் செய்தார். கொள்கை தவறு; நடை தவறன்று. அவரிடம் நோயாளியாக வந்து, நலம் பெற்று, பின்னர் உதவியாளராகவும் இருந்தவர் பீட்டர் டெட்வைலர். அவர் 1876-இல் பால்கன்ஸ்டைன் என்னும் இடத்தில் தம் பொறுப்பில் ஓர் இல்லத்தை நடத்தத் தொடங்கியபோது, ஆசிரியர் நடக்கச் சொன்ன நோயாளிகளைப் படுக்கச் சொன்னார். திறந்த தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலிகளை வரிசையாக இட்டு, கம்பளி போர்த்தி, நாள்தோறும் பல மணி நேரம் அசையாமல் கிடக்க வைத்தார். ஐரோப்பாவெங்கும் பரவியது மாணவரின் வழியே. சானடோரியம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் அச்சாய்வு நாற்காலி டெட்வைலர் தந்தது.

ஓய்வு என்னும் கருத்து, ஒருமுறை வேரூன்றிய பின்னர், தன் எல்லை வரை சென்றது. இத்தாலியரான கார்லோ போர்லனினி, நோயுற்ற நுரையீரலுக்கு உண்மையான ஓய்வு வேண்டுமாயின் அது மூச்சுவிடுவதையே நிறுத்த வேண்டும் எனக் கருதினார். மார்புறைக்குள் ஊசி வழியே காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருங்க வைக்கும் முறையை 1882-இல் முன்மொழிந்தார். பிறர் ஒரு படி மேலே சென்று, விலா எலும்புகளை அகற்றி மார்பையே அமுக்கினர். ஓய்வு தருவதற்காக எலும்பை வெட்டிய காலம் அது! இன்று படிப்போர்க்குக் கொடுமையாகத் தோன்றும். ஆனால், மருந்தே இல்லாத நாளில் சாவோடு போராடியவர்களின் செயல் என்பதை மறத்தலாகாது.

மாற்றுக் குரலும் எழாமல் இல்லை. இங்கிலாந்தின் பிரிம்லி என்னும் ஊரில், பிராம்ப்டன் மருத்துவமனையின் சானடோரியம் 1905-ஆம் ஆண்டில் நோயாளிகளை ஏற்கத் தொடங்கிற்று. அதன் தலைமை மருத்துவர் மார்க்கஸ் பேட்டர்சன், நோயாளிகளை முதலில் நடக்க வைத்தார். பின்னர்க் கூடை சுமக்கவும், அதன்பின் மண்வெட்டி பிடிக்கவும் செய்தார். உடல் வெப்பத்தை நாள்தோறும் அளந்து, ஏறினால் வேலையைக் குறைத்தார். அவர் கூறிய காரணமும் இன்று நிற்கவில்லை. ஆயினும், உழைப்பையும் மருந்தைப் போல் அளந்து கொடுக்கலாம் என்னும் எண்ணம் அவரிடம் தெளிவாக இருந்தது. அது மறக்கப்பட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து மீண்டும் பிறந்தது.

இனி, நம்போன்ற மொழியாசிரியர் பெருமிதம் கொள்ளத்தக்க பகுதிக்கு வருவோம்.

இலண்டனில் 1123-ஆம் ஆண்டில் தோன்றிய பழம்பெரும் மருத்துவமனை புனித பார்த்தலமேயு மருத்துவமனை. அங்கே கார்ட்லண்ட் மெக்மஹன் என்பவர் பணியாற்றினார். திக்குவாய் முதலிய பேச்சுக் குறை உடையோர்க்குப் பயிற்சி அளிப்பது அவர் வேலை. மருத்துவராக அன்று, பேச்சாசிரியராகவே அவர் அங்கிருந்தார். சொல் தடைபடுவோர்க்கு முதலில் மூச்சைச் சீர்செய்ய வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். தோளை உயர்த்தி மேல்மார்பால் மூச்சிழுப்பதை விடுத்து, விலாவின் கீழ்ப்பக்கங்கள் விரியுமாறும் உதரவிதானம் தாழுமாறும் இழுக்கப் பழக்கினார்.

இவ்விடத்தில் தொல்காப்பியப் பிறப்பியலை நினையாமல் இருக்க இயலவில்லை. எழுத்தொலிகள் எல்லாம் உந்தியிலிருந்து எழும் காற்றையே முதலாகக் கொண்டு, தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்றுப் பிறப்பன என்று அங்கு ஆசிரியர் வகுத்திருப்பதை நாம் வகுப்பில் நடத்தியிருக்கிறோம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரமும் மூச்சை ஆளும் முறையை விரித்துரைக்கிறது. இவற்றைக் காட்டி, இன்றைய மருத்துவம் முழுவதும் நம் முன்னோர்க்கு முன்பே தெரியும் என்று மேடையில் முழங்குவோர் உளர். நான் அவ்வழி செல்ல விரும்பவில்லை. இலக்கண நூலார் எழுத்தின் பிறப்பைச் சொன்னார். யோக நூலார் மனவடக்கத்தைச் சொன்னார். நோயுற்ற நுரையீரலுக்குப் பயிற்சி தருவது இருவர் நோக்கமும் அன்று. ஆனால், ஒலியை ஆராய்ந்தவர் மூச்சின் அடிவயிற்று ஊற்றை முதலில் கண்டனர் என்பது ஈரிடத்தும் ஒத்திருக்கிறது. பேச்சைக் கற்பிப்பவரே மூச்சைக் கற்பிப்பவராகவும் ஆனதில் வியப்பில்லை.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. மார்பில் குண்டும் வெடிச்சிதறலும் பாய்ந்த வீரர் பலர் இலண்டன் மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தனர். மார்புறையில் தேங்கிய குருதியையும் சீழையும் வடித்துப் புண்ணை ஆற்ற அறுவை மருத்துவரால் முடிந்தது. ஆனால், புண் ஆறிய பின்னும் நுரையீரல் விரியவில்லை. காயம் பட்ட பக்கம் ஒட்டிப்போய், தோள் சரிந்து, முதுகு வளைந்து, இருபது வயது இளைஞன் கிழவனைப் போல் மூச்சு வாங்கினான். இவர்களை மெக்மஹனிடம் ஒப்படைத்தனர். திக்குவாயர்க்குக் கற்பித்த அதே பயிற்சியைச் சிற்சில மாற்றங்களுடன் அவர் வீரர்க்குக் கற்பித்தார். தம் பட்டறிவை 1915-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் கட்டுரையாக எழுதினார்; போர் முடிந்தபின் 1919-இலும் எழுதினார். நுரையீரற் காயத்திற்கு மூச்சுப் பயிற்சி என்பது மருத்துவ ஏட்டில் இடம்பெற்ற தொடக்கக் காலச் சான்றுகளுள் இவை குறிப்பிடத்தக்கவை. ஒரு பேச்சாசிரியர் எழுதியவை என்பதை நம் மாணவர்க்குச் சொல்ல வேண்டும்.

அவர் விதைத்ததை வளர்த்தவர் பிராம்ப்டன் மருத்துவமனையில் பணிபுரிந்த வினிபிரட் லிண்டன் அம்மையார். 1930-களில் அங்கே நுரையீரல் அறுவை பெருகிற்று. அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளியின் விலாவின் குறிப்பிட்ட பகுதியில் கையை வைத்து, அப்பகுதி மட்டும் விரியுமாறு மூச்சிழுக்கப் பழக்கினார். கை வைத்த இடத்திற்கு மூச்சை அனுப்பு என்பதே அவர் பாடம். என் ஆசிரியைக்கு அவ்விளம்பெண் கற்பித்ததும் இதுவே.

குண்டு செய்யும் காயம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் காயம் செய்யும் பொருள் ஒன்றையும் அத்தலைமுறையே கண்டது. 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் வில்லெம் ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மூன்றே மாதத்திற்குள், சிகாகோ நகரில் மார்பகப் புற்றுநோயாளி ஒருவர்க்கு அக்கதிரைச் செலுத்தியதாக எமில் குரூபே என்பவர் பின்னாளில் உரிமை கொண்டாடினார். புற்றைச் சுடும் கதிர், தான் கடந்து செல்லும் நல்ல உறுப்பையும் சுடாமல் விடுமா? 1920-களின் தொடக்கத்தில், மார்பில் கதிர்மருத்துவம் பெற்றோர் சிலர்க்குச் சில வாரங்கள் கழித்து இருமலும் மூச்சுத்திணறலும் வருவதை அமெரிக்க மருத்துவர்கள் எழுதலாயினர். 1925-இல் இவான்ஸ், லூக்குஷியா என்னும் இருவர், இதில் இரு நிலைகள் உள எனப் பிரித்துக் காட்டினர். முதலாவது அழற்சி, பெரும்பாலும் மருத்துவம் முடிந்த ஆறு மாதத்திற்குள் வருவது, ஆறிவிடவும் கூடும். இரண்டாவது நார்த்தடிப்பு, ஆறு மாதத்திற்குப் பின் மெல்ல மெல்ல உருவாகி நிலைத்துவிடும் வடு. முதல் நிலைக்குக் கார்ட்டிசோன் வகை மருந்துகள் பின்னாளில் துணைக்கு வந்தன. இரண்டாம் நிலையை மாற்றி நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆகவே, ஓர் உண்மையை ஒளிவு மறைவின்றிக் கூறிவிட வேண்டும். மூச்சுப் பயிற்சி வடுவைக் கரைக்காது. கரைக்கும் என்று சொல்வோர், நோயாளியின் ஆசையைக் காசாக்குவோர். அழற்சி தணியாது காய்ச்சலும் இருமலும் மிகும் நாளில் அவர்க்கு வேண்டுவது பயிற்சியன்று, மருத்துவர். அழற்சி அடங்கியபின் எஞ்சி நிற்பது, பாதி வளைந்துகொடுக்கும் நுரையீரல். அதனைக்கொண்டு எவ்வாறு வாழ்வது என்பதே பயிற்சியின் பொருள்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டவும் ஏற்றது. வளர்ந்த ஒருவர் அமைதியாக இருக்கும்போது ஒருமுறை இழுக்கும் காற்று ஏறத்தாழ 500 மில்லிலிட்டர். அதில் 150 மில்லிலிட்டர் மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடும். குருதியோடு கலக்கும் இடத்திற்குச் செல்லாது. நிமிடத்திற்கு 15 முறை மூச்சிழுத்தால் உள்ளே செல்வது 7,500, பயன்படுவது 5,250. அச்சத்தால் மேல்மார்பில் மட்டும் 250 மில்லிலிட்டராக நிமிடத்திற்கு 30 முறை இழுத்தாலும் உள்ளே செல்வது அதே 7,500தான். ஆனால் பயன்படுவது 3,000 மட்டுமே. இரு மடங்கு உழைத்து, பாதியளவிற்குச் சற்றே கூடுதலாகப் பெறுகிறார். மூச்சு போதவில்லை என அஞ்சுகிறார்; அஞ்சி இன்னும் விரைகிறார். இச்சுழலை அவிழ்ப்பதே மெல்லிழுக்கும் பயிற்சியின் நோக்கம்.

எனினும், இக்கணக்கிற்கும் ஓர் எல்லை உண்டு. வடுப்பட்ட நுரையீரல் விறைப்பானது. அதனை ஆழ விரிக்கக் கூடுதல் தசைவலிமை செலவாகும். ஆகவே, வடுவுற்றோர் இயல்பாகவே சிறு மூச்சை விரைந்து விடுகின்றனர். இவர்களை ஆழ்ந்து ஆழ்ந்து இழுக்குமாறு வற்புறுத்தினால் களைப்பே மிஞ்சும். உதட்டைக் குவித்து ஊதும் பயிற்சியும், புகையால் மூச்சுக்குழாய் தளர்ந்தோர்க்கு நன்கு உதவுவது. விறைத்த நுரையீரலுக்கு அதே அளவில் உதவும் என்று கொள்ளலாகாது. கதிரால் வந்த வடுவிற்கென்றே தனித்துச் செய்த ஆராய்ச்சிகள் மிகச் சில. பிற காரணங்களால் வடுவுற்ற நுரையீரல்களில் செய்த ஆய்வுகள், மூச்சுப் பயிற்சியோடு அளவறிந்த நடையும் உடற்பயிற்சியும் சேர்ந்தபோதே மூச்சுத்திணறல் குறைந்து நடக்கும் தொலைவு கூடியதைக் காட்டுகின்றன. இவ்வாறு பேட்டர்சனின் கூடைக்கும் மண்வெட்டிக்கும் நாம் மீண்டும் வந்து சேர்கிறோம்.

அவரிடம் மருத்துவ உலகம் திரும்பி வந்த வழியில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. காசநோய்க்கு மருந்து கிடைத்துவிட்ட காலம். மருந்தோடு சானடோரிய ஓய்வும் நல்லுணவும் வேண்டுமா, அன்றி மருந்து மட்டும் போதுமா என்னும் வினா எழுந்தது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நடுவம் ஒன்று நிறுவப்பட்டது. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தலைமையில், ஏழை நோயாளருள் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலும் ஓராண்டு அதே மருந்தைப் பெற்றனர். சானடோரியத்தார் நன்றாக உண்டனர், நன்றாக ஓய்ந்தனர். வீட்டிலிருந்தோர் குறைவாக உண்டனர், நடமாடினர், பலர் வேலையும் செய்தனர். 1959-இல் வெளிவந்த முடிவு உலகை வியக்க வைத்தது: இரு சாராரும் ஏறத்தாழ ஒத்த அளவிலேயே நலம் பெற்றிருந்தனர். அவ்வாய்வு மூச்சுப் பயிற்சியைப் பற்றியது அன்று; ஆயினும், எண்பது ஆண்டு அரசாண்ட சாய்வு நாற்காலியை அரியணையிலிருந்து இறக்கியதில் சென்னைச் சேரி மக்களின் பங்கு பெரிது. அவர்தம் பெயர்களை எவரும் அறியார்.

காசமல்லாத நுரையீரல் நோயாளர்க்கு விடுதலை சற்றுத் தாமதமாகவே வந்தது. மூச்சு வாங்கும் வேலை எதையும் செய்யாதீர் என்பதே 1950-களிலும் மருத்துவர் பலரின் அறிவுரை. நியூயார்க்கின் ஆல்வன் பாரக் 1952-இல் இதனை மறுத்து, உயிர்வளி கொடுத்தேனும் அவர்களை நடக்க வைக்க வேண்டும் என்றார். கேட்டார் சிலரே. 1960-களில் டென்வர் நகரில் தாமஸ் பெட்டி, மூச்சுப் பயிற்சி, நடை, உயிர்வளி, நோயறிவு நான்கையும் ஒரே திட்டமாகத் தொகுத்து, அதன் பயனை 1969-இல் வெளியிட்டார். அவர் நோயாளிகளின் வாழ்வு மேம்பட்டது; ஹட்சின்சனின் கருவி காட்டும் அளவோ அவ்வளவாக மாறவில்லை. ஐயுற்றோர் இதையே குறையாகச் சுட்டினர். பின்வந்த ஆய்வுகளே விடையளித்தன. நெடுநாள் கிடந்தவரின் கால் தசைகள் தளர்கின்றன. தளர்ந்த தசை சிறு வேலைக்கும் மிகுந்த மூச்சைக் கேட்கிறது. நடந்து நடந்து தசை தேறினால், அதே நுரையீரல் கூடுதல் தொலைவிற்குப் போதுமானதாகிறது. கேடு நுரையீரலில்; திருத்தம் காலில்.

அண்மைக் காலத்தில் மூச்சுப் பயிற்சி மற்றொரு கதவையும் திறந்துள்ளது. இடமார்பில் கதிர் செலுத்தும்போது நோயாளியை ஆழ்ந்து மூச்சிழுத்து இருபது விநாடி போல் அடக்கச் சொல்கின்றனர். நுரையீரல் விரிய, இதயம் கதிரின் பாதையிலிருந்து விலகி நிற்கிறது. அக்கணத்தில் கதிரைச் செலுத்திவிடுகின்றனர். காயத்திற்குப் பின் கற்ற மூச்சு, காயத்திற்கு முன்னும் காவலாக நிற்கத் தொடங்கிவிட்டது.

என் ஆசிரியை எட்டு வாரம் பயிற்சிக்குச் சென்றார். வீட்டார் முதலில் உடன்படவில்லை; களைத்து வீடு திரும்பியதைக் கண்டு இரண்டாம் வாரத்தில் நிறுத்தவும் முயன்றனர். "புள்ளைங்க கணக்குப் போடக் கஷ்டப்பட்டா ஸ்லேட்ட வாங்கி வெச்சிருவோமா?" என்று கேட்டு அவர்களை வாயடைத்தாராம். பயிற்சி முடிந்தபின், வீட்டு வாயிலிலிருந்து தெருமுனைக் கடை வரை நடப்பதை வழக்கமாக்கிக் கொண்டார். நடுவில் ஒரு மின்கம்பத்தருகே நின்று, விலாவில் கையை வைத்து நான்கைந்து முறை மூச்சிழுத்துவிட்டுத் தொடர்கிறார். சென்ற பொங்கலுக்கு நான் சென்றிருந்தபோது, என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஒரு வெண்பாவைத் தொடங்கினார். மூன்றடி ஒரே மூச்சில் வந்தது. ஈற்றடிக்கு முன் ஒருமுறை நிறுத்தி, மெல்ல மூச்சிழுத்து, முடித்தார். பின்னர் என் முகத்தை உற்றுப் பார்த்து, "எடையில நின்னேனே, தளை தட்டலையே, கவனிச்சியா?" என்று கேட்டார்.